சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சீரு

தானாக் கழண்டிருக்காதுன்னு நீ சொல்றது சரிதான் ஜெனிபரு. எலி இழுத்திருக்கும்னு நான் சொன்னா ஒனக்குச் சிரிப்பு வருது. எலி வந்து எல்லா வயரையும் புடுங்கி, அழகாச் சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு வச்சுட்டுப் போகுமான்னு கேக்குற. சரித்தா, எலி இல்ல. நான்தான் புடுங்குனேன். ஆனா டப்பா கெட்டுப்போச்சுன்னு சொன்னது பொய்யில்ல. புடுங்குனதுலருந்து அது பாடல. பாடாத டப்பா கெட்டுப்போன டப்பாதான?

நீ போன மாசந்தான் மாடியில குடிவந்த, ஒனக்கு இந்த வீட்டுக் கதை தெரியாது. கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற புள்ளை, எந்நேரமும் காதுல அந்தப் பட்டைய மாட்டிக்கிட்டுத் திரியிற, அதான் ஒன்னையக் கூப்பிட்டேன். எம்மகன் ராஜபாண்டி இருந்தா அவனே மாட்டிருவான். அவன் பரமக்குடிக்குப் போயிருக்கான், பொண்டாட்டியையும் புள்ளையையும் கூட்டியார. இப்ப வந்துருவாக. கூடவே மருமகளோட அப்பாவும் வர்றாரு, என் சம்பந்தி. அவரு வாசப்படி ஏறயில இந்த டப்பா பாடிக்கிட்டு இருக்கணும். அம்புட்டுத்தான் எனக்கு. பாடலைன்னா நான் எங்கிட்டுக் கொண்டுபோயி மூஞ்சிய வச்சுக்குவேன். இந்த டப்பாவக் கொண்டுவந்து சீராக் குடுத்ததே அவருதான்.

நீ மாட்டிக்கிட்டே இரு, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

இல்லத்தா, அது இல்ல. அந்தக் கதவு வச்ச சின்னச் சதுர ஓட்டை டிவிக்கு. அந்த வயரு நுனியில செவப்பா வெளிச்சம் வரும், பயந்துறாத. மொத மொத அதப் பாத்துட்டு நான் நெருப்புன்னு தண்ணிச் செம்பத் தூக்கிட்டு ஓடியாந்தேன். சம்பந்தி சொன்னாரு, "ஊத்திறாதீங்க சம்பந்தியம்மா, அது வெளிச்சந்தான், பாட்டு அதுக்குள்ளதான் வருது"ன்னு. பாட்டு வெளிச்சமா வருமாம், இந்த டப்பாக்குள்ள நுழைஞ்சு திரும்பப் பாட்டா மாறுமாம், அதுனாலதான் இதுக்குக் கன்வெர்ட்டர்னு பேராம். மாறி, அந்தச் செவப்பு வெள்ளை வயரு வழியா ஆம்ப்ளிபயருக்குப் போகுமாம். மஞ்ச வளையம் போட்ட ஓட்டை அந்தப் பழைய சிடி பிளேயருக்கு. தட்டை ஓட்டை எம்மகன் லேப்டாப்புக்கு. போனுக்கு ஓட்டையே கிடையாது. அது காத்துல வரும், புளூடூத்தாம்.

அந்தக் காத்துலதான்த்தா என் மானம் போச்சு.

சம்பந்திக்குப் பேரு தனுஷ்கோடி. பரமக்குடியில மைக்செட்டு வச்சிருக்காரு. கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, எல்லாத்துக்கும் அந்தப் பக்கம் அவரு செட்டுதான். மைக்செட்டுன்னாலே எனக்கு எங் கல்யாணந்தான் ஞாபகம் வரும். அதக் கேளு. பந்தி நடக்குது. எங்க வீட்டுக்காரரோட பெரியம்மா ஒண்ணு, கெழவி, பந்தியில நின்னுக்கிட்டு, "பொண்ணு வீட்டுக்காரன் சாம்பார்ல பருப்பக் காட்டிட்டு எடுத்துட்டான்டி"ன்னு யாருகிட்டயோ சொல்லுது. மைக்செட்டுக்காரன் மைக்க அணைக்காம பக்கத்துப் பெஞ்சுல வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டான். தெருவெல்லாம் கேக்குது. கோயில் வரைக்கும் கேட்டுச்சாம். எங்கப்பா அப்பத்தான் சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டுப் பரிமாறிக்கிட்டு இருக்காரு. நின்னாரு ஒரு நிமிசம். பெறகு வாளியோட அடுத்த இலைக்குப் போனாரு. அந்தக் கதைய நான் எத்தனை விசேசத்துல சொல்லிச் சிரிச்சிருப்பேன். மணமேடையில மாலையோட ஒக்காந்துக்கிட்டு நானே சிரிச்சேன்னா பாத்துக்க. எங்கப்பாதான் கடைசி வரைக்கும் அதுக்குச் சிரிச்சதில்ல. அவருக்கு அவ்வளவா வேடிக்கை பேச வராது.

எங்க விட்டேன். ஆங், சம்பந்தி.

எம்மருமக சுகந்திய ராஜபாண்டி அவனாப் பாத்துக்கிட்டான். ஒரே ஆபீசு. நான் வேண்டாம்னு சொல்லல. சொல்லலைன்னா, சொல்லிப் பாத்தேன், கேக்கல. சிவகாசியில எங்கக்கா பொன்னுத்தாயி ஒரு எடம் பாத்து வச்சிருந்தா, காலண்டர் கம்பெனிக்காரரு மக. அந்தப் புள்ளை வந்திருந்தா வருசா வருசம் காலண்டராவது சும்மா வந்திருக்கும். சரி, அது போகட்டும். சுகந்தி நல்ல புள்ளைதான். வாயே தொறக்காது. நம்ம எதச் சொன்னாலும் கேட்டுக்கிட்டு நிக்கும். திருப்பி ஒரு வார்த்தை பேசுற புள்ளைன்னா நமக்கும் ஒரு பிடி கிடைக்கும். இது பேசாது. எனக்கு அதுதான் எரிச்சலா வரும்.

கல்யாணத்தப்ப சீரு ஒண்ணும் வேண்டாம்னு எம்மகன் சொல்லிட்டான். நான் மனசுக்குள்ள, சரி, வளைகாப்புக்காவது ஒரு பித்தளைக் குடம், ஒரு குத்துவெளக்கு, நாலு பேரு பாக்குற மாதிரி வரும்னு இருந்தேன். எங்க வழக்கத்துல ஏழாம் மாசம் பொண்ணு வீட்டுல சீரு கொண்டாந்து, மாப்பிள்ளை வீட்டுல வளையல் போட்டு, கட்டுச்சோறு கட்டி, பொண்ணப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போவாக. அன்னிக்கு இந்த ஹால் கொள்ளல. இந்த பிளாக்குப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வந்திருந்தாக. வேன் வந்துச்சு. சோத்துச் சட்டி எறங்குச்சு, பழம் எறங்குச்சு, பூவு எறங்குச்சு, பெறகு சம்பந்தி கையில ஒரு அட்டைப் பெட்டி. அதத் தரையில வைக்காம நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வர்றாரு. எனக்கு ஒரே ஆவலு. வெள்ளிச் சாமானமோன்னு நெனைச்சேன்த்தா, உண்மையச் சொல்றேன். பிரிச்சா இந்தக் கருப்பு டப்பா. சோப்பு டப்பா அளவுக்கு.

எதுத்த வீட்டு சரஸ்வதி குனிஞ்சு பாத்துட்டு, "இது என்னக்கா, வைஃபையா?"ன்னு கேக்குறா. நான் சிரிச்சுக்கிட்டே நின்னேன். நல்லாத்தான் சிரிச்சேன்.

அவரு நேரா வந்து வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு, டிவிக்குப் பின்னாடி முட்டி போட்டு ஒக்காந்துட்டாரு. எம்மகன் ஆசைப்பட்டு வாங்கின ரெண்டு பெரிய ஸ்பீக்கரு சும்மாக் கெடந்துச்சுல்ல, அதுக்கு டிவிய ஒண்ணாச் சேத்தாரு, லேப்டாப்பச் சேத்தாரு. சேத்துச் சேத்து, தட்டித் தட்டிப் பாக்குறாரு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பாட்டு வருது. வீட்டுல விசேசம் நடக்குது, இவரு முன்பக்கத்துக் குமிழத் திருப்பி விளையாடுறாரு. அப்பறம் என்கிட்ட வந்து, "சம்பந்தியம்மா, ஒங்க போனையும் குடுங்க, சேத்துடறேன். காலையில சாமி பாட்டு கேக்கலாம்"ன்னாரு. குடுத்தேன். என்னமோ தட்டுனாரு, திருப்பிக் குடுத்துட்டாரு. நான் வாங்கி இடுப்புல சொருகிட்டு, பட்டுச்சேலை மாத்த உள்ள போயிட்டேன்.

அந்தா தெரியுதே, அந்த ரூமுதான். கதவச் சாத்திட்டேன்.

எங்கக்கா அதுக்குள்ள வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கா, சீரு என்ன வந்துச்சுன்னு. அவ வரல, மூட்டு வலி. வராதவளுக்குத்தான் எல்லாம் தெரியணும். நானும் வாய்ஸ்ல பதில் போட்டேன். "அக்கா, சீரப் பத்திக் கேக்காத. குடமும் இல்ல, குத்துவெளக்கும் இல்ல. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு தகர டப்பா. மைக்செட்டுக்காரன் வீட்டுல பொண்ணெடுத்தா வேற என்ன வரும்"னு. அம்புட்டுத்தான். அம்புட்டுத்தான் சொன்னேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. போட்ட மெசேஜ நானே ஒரு தடவை தட்டிக் கேப்பேன். சரியாப் போச்சா, பாதியில அந்துருச்சான்னு பாக்கணும்ல. தட்டுனேன். சத்தமே இல்ல. சத்தம் கம்மியா இருக்கு போலன்னு பக்கத்துல இருக்குற பட்டன அமுக்கி அமுக்கிக் கூட்டி வச்சேன். மறுபடியும் தட்டுனேன். காதுல வச்சுக் கேக்குறேன், ஒண்ணும் இல்ல. இன்னும் கூட்டுனேன், முட்டக் கூட்டிட்டு மூணாவது தடவை தட்டுனேன். வெளிய ஹால்ல யாரோ பேசுற சத்தம் கேக்குது. யாரு இம்புட்டுச் சத்தமாப் பேசுறது, இந்தக் குரலு எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு நெனைச்சேன். எங் குரலுன்னு எனக்கே தெரியல ஜெனிபரு. கதவுக்கு அங்கிட்டு இருந்து கேட்டா நம்ம குரலு நமக்குத் தெரிய மாட்டேங்குது.

கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வந்து, "இந்தப் போனு பேச மாட்டேங்குது, யாராவது என்னன்னு பாருங்க"ன்னேன்.

ஒருத்தரும் நகரல. வளையல் தட்டத் தூக்கிட்டு நின்ன புள்ளை தூக்கினபடியே நிக்குது. சரஸ்வதி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. யாராவது சிரிச்சிருந்தாக் கூட எனக்குப் பரவாயில்ல. சம்பந்திதான் டிவிக்குப் பின்னாடியிருந்து எந்திரிச்சு வந்தாரு. கையில ஒரு வயரு. போன வாங்கிப் பாத்தாரு. "போனுல ஒண்ணும் கோளாறு இல்ல சம்பந்தியம்மா. வாய்ஸு நல்லா கிளியரா வருது. இந்தா, இந்த நீல அடையாளத்த அமுக்கி விட்டுட்டா ஒங்க போனுலயே கேக்கும்"னு, மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு. சொல்லிட்டுத் திரும்பப் போயி, மிச்ச வயரையெல்லாம் ஒண்ணாச் சேத்துக் கட்டி, பலகையத் தொடைச்சு, டப்பாவ நேரா வச்சாரு.

குத்திக் காட்டுறாரு பாத்தியா. வாய்ஸு கிளியரா வருதாமே. அம்புட்டுக் கூட்டத்துல வச்சு.

என்ன, மெதுவாச் சொன்னாருன்னு நாந்தான சொன்னேங்கிற? மெதுவாச் சொன்னாலும் குத்துக் குத்துதான்த்தா.

அவுக போன அன்னிக்கே எல்லா வயரையும் புடுங்கிட்டேன். டப்பாவ எங்க வச்சேன்னு நெனைக்கிற. பரண்ல எங்கம்மா குடுத்த பித்தளை அண்டா இருக்கு, அதுக்குள்ள வச்சு மூடிட்டேன். நல்ல கனமான அண்டா. எங் கல்யாணத்துல வந்தது. வந்த நாளுலருந்து அத யாரும் எறக்கினதே இல்ல, அதுக்குள்ள வேற மூணு குடம் கெடக்கு. இன்னிக்கு நீ ஸ்டூல் போட்டு எறக்கினியே, அப்பத்தான் அதுக்கு வெளிச்சம் பட்டுச்சு.

வயர மடக்காதத்தா. அந்த வயரு உள்ள கண்ணாடி மாதிரியாம், மடக்குனா ஒடிஞ்சிருமாம். சம்பந்தி சொன்னாரு.

கேக்குறியே, ஒரு டப்பாவத் தகரம்னு சொன்னதுக்கா புள்ளை பொறந்து இம்புட்டு நாளா வராம இருப்பாகன்னு. வராம இருந்தது அவுக இல்ல. போகாம இருந்தது நானு. மாமியாக்காரி போயித்தான் புள்ளையையும் தாயையும் கூட்டியாரணும், அதுதான் எங்க முறை. மூணாம் மாசம் போயிருக்கணும். பொறந்தப்ப போகல, எனக்கு முட்டி வீங்கிருச்சு. பேரு வைக்கப் போகல, அப்ப பக்கத்து வீட்டுல அம்மை. அம்மை கண்ட தெருவுலருந்து பச்சைப் புள்ளையப் பாக்கப் போகலாமா நீயே சொல்லு. பெறகு ஆடி வந்துருச்சு. ஆடியில கூட்டியாரக் கூடாது. ஆவணியில மழைன்னு சொன்னேன். மதுரையில மழையான்னு எம்மகன் கேக்குறான். அவன் வாராவாரம் பஸ் ஏறிப் போயிப் புள்ளையப் பாத்துட்டு வர்றான். நான் போட்டோவுல பாக்குறேன்.

இல்ல. அந்த மெசேஜுல வேற ஒண்ணும் சொல்லல.

நீ ஏன் என்னைய அப்படிப் பாக்குற. அந்த மஞ்ச வயரச் சொருகு மொதல்ல.

சரி. சொன்னேன். அந்த மெசேஜு கடைசியில இன்னொண்ணும் சொன்னேன். எங்கக்காகிட்ட சொல்றதுதான, அக்கா தங்கச்சி பேசிக்கிறதுதான. "வர்ற புள்ளையாவது அந்த வீட்டு நெறத்த அப்பிக்கிட்டு வராம, நம்ம வீட்டுக் களையில பொறக்கணும், வேண்டிக்க"ன்னேன். எல்லாரும் சொல்றதுதான். யாரு வீட்டுல சொல்லல. என் நெறத்த ஏன் பாக்குற? நான் கருப்புத்தான். ஆனா இது களையான கருப்புன்னு எங்க மாமியாவே சொல்லியிருக்கு.

மூணு தடவைத்தா. நான்தான் கூட்டிக் கூட்டி வச்சேன். சுகந்தி நடு ஹால்ல மனையில ஒக்காந்து, மடி நெறைய வளையல வச்சுக்கிட்டு, மூணு தடவையும் கேட்டுச்சு.

அதுக்கப்புறம் நலங்கு வைக்க என் மொறை வந்துச்சு. நான் நகராம நிக்கிறேன், சரஸ்வதி என் கையப் புடிச்சுக் கொண்டாந்து நிறுத்துறா. சந்தனக் கிண்ணத்துல கைய விட்டேன். சுகந்தி கன்னத்தக் காட்டுச்சு. நான் எதச் சொன்னேனோ அந்தக் கன்னம். பூசுனேன். அந்த நெறத்துல சந்தனம் எம்புட்டுப் பளிச்சுன்னு எடுத்துக் காட்டும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. நெறைய அள்ளிட்டேன் போல, சந்தனம் கழுத்து வரைக்கும் வழிஞ்சிருச்சு. அந்தப் புள்ளை பேசாம மறு பக்கத்துக் கன்னத்தையும் திருப்பிக் காட்டுச்சு. ஏதாவது சொல்லியிருக்கலாம்ல. ஒரு வார்த்தை வஞ்சிருந்தா நானும் பதிலுக்கு வஞ்சு, அழுது, அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பேசாம இருந்து என்னைய இப்படிப் போட்டு அறுக்குது.

போட்டோ பாக்குறியா. இந்தா. பொம்பளைப் புள்ளை. நெறத்தப் பாரு. ஆமா. மொத போட்டோ வந்தப்ப நான் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன். அவுக வீட்டு நெறமில்ல ஜெனிபரு. மூக்கு, நெத்தி, நெறம் எல்லாம் அச்சு எங்கப்பா. சாம்பார் வாளியத் தூக்கிட்டு நின்னாருல்ல, அந்த எங்கப்பா. அப்படியே நம்மளைப் பாக்குது பாரு.

பேசலாம்ல, ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம்லங்கிற. கேக்காமலா இருந்தேன். நேராப் பேசத்தான் வாய் வரல. வாய்ஸ் மெசேஜுல கேட்டேன், சம்பந்திக்கே. அனுப்புறதுக்கு முன்னாடி எப்படி இருக்குன்னு தட்டிக் கேப்பேன். இப்பல்லாம் அனுப்பிட்டுக் கேக்குறதில்ல, கேட்டுட்டுத்தான் அனுப்புறது. "சம்பந்தி, அன்னிக்கு நான் பேசினது தப்புத்தான்"னு நல்லாத்தான் ஆரம்பிக்கும். பாதியில பாத்தா, "இருந்தாலும் நீங்க என் போன அதுல சேக்காம இருந்திருந்தா"ன்னு போகும். கடைசியில எங்க போயி முடியும்னா, "ஊரு ஒலகத்துல ஒரு குடமாவது குடுப்பாக"ன்னு முடியும். எங் குரலக் கேக்க எனக்கே சகிக்காது. அழிச்சிருவேன். மறுநாளு வேற மாதிரி ஆரம்பிப்பேன். அதுவும் குடத்துல போயித்தான் நிக்கும். ஒண்ணு கூட அனுப்பல.

முந்தாநாளு ராஜபாண்டி போன்ல சொல்றான், "அம்மா, நீ வர வேணாம். மாமாவே கொண்டாந்து விடுறேன்ட்டாரு. முறையெல்லாம் நம்ம வச்சதுதானங்கிறாரு"ன்னு. "எம்மேல கோவமா இருக்காரா?"ன்னு கேட்டேன். அவன் ஒரு மாதிரி சிரிச்சான். மாமா அவன்கிட்ட முன்னமே சொன்னாராம், "மைக்கு ஆஃப்ல இருக்குன்னு நெனைச்சு ஜனங்க பேசுறத எத்தனையோ வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன் மாப்பிள்ளை. செட்டக் கழட்டுறப்ப அதையும் அங்கயே கழட்டிப் போட்டுட்டு வந்துருவேன்"ன்னு. பாத்தியா, நான் பேசினத ஊருப் பேச்சோட சேத்துட்டாரு. அப்படிக் கழட்டிப் போட்டவரு அன்னிக்குப் போறப்ப ஏன் எம் மூஞ்சியப் பாக்காமப் போனாரு?

பாக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்ங்கிறியா?

நான் எங்கத்தா பாத்தேன். நான் தரையில்ல பாத்துக்கிட்டு இருந்தேன்.

இன்னொண்ணும் சொன்னான் அவன். அதத்தான் நான் யாருகிட்டயும் சொல்லல, ஒன்கிட்டச் சொல்றேன். மாமா குடமும் குத்துவெளக்கும் வாங்கத்தான் கடைக்குப் போனாராம். சுகந்திதான் தடுத்துச்சாம். "குடம் அத்தைகிட்ட நெறைய இருக்குப்பா. அத்தை தெனம் காலையில அந்தப் போனக் காதோட ஒட்டி வச்சுக்கிட்டுச் சாமி பாட்டு கேக்குறாங்க, கரகரன்னு வருது, பாவமா இருக்கு. அவுங்களுக்கு நல்லாக் கேக்குற மாதிரி ஏதாவது பண்ணுங்க"ன்னுச்சாம். அதுனால வந்த டப்பா இது. எனக்கு வந்த சீரு. இத முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அப்படிப் பேசப் போறேன்? சொல்லாதது யாரு தப்பு?

எந் தப்புதாங்கிற. சரி, எந் தப்புதான். நீ வேலையப் பாரு.

என்னது, டிவியில வரலையா? எல்லாம் சரியாத்தான சொருகியிருக்க. அய்யய்யோ, நெசமாவே கெட்டுப்போச்சா. அண்டாக்குள்ள வச்சது ஆகலையோ. நான் பொய்யாச் சொன்னது பலிச்சுருச்சு பாரு. அவரு வந்து நின்னுக்கிட்டு, ஏன் பாடலன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன். இவுகளுக்குப் புடிக்காதது இவுக கையில கெட்டுப்போச்சுன்னு நெனைக்க மாட்டாரா.

மூடியா? எந்த மூடி? வயரு நுனியிலயா? அட, ஆமா. புடுங்குனப்ப அது தரையில கெடந்துச்சு, தூசி போயிரக் கூடாதேன்னு நான்தான் தேடி எடுத்து மாட்டி விட்டேன். அதோடயே சொருகிட்டியா. மூடியப் போட்டா வெளிச்சம் எப்படி வரும்னு சிரிக்கிற. சிரி. கோவத்துலயும் தூசி பட்டுறக் கூடாதுன்னு மூடி போட்டிருக்கேன் பாரு, அதையும் கொஞ்சம் நெனைச்சுக்க. ஆங், வருது. வருது. டிவி வருது. கொஞ்சம் கொறை, பச்சைப் புள்ளை வருது.

இப்ப என்ன அது, டிங்குன்னு. டப்பாவா? ஏன் நீலமா எரியுது?

எம் போனா. அதுவா தேடிச் சேந்துக்கிச்சா. நான் ஒண்ணுமே அமுக்கலையே. அப்ப அன்னிக்குச் சேத்தது இன்னும் மறக்கலையா அது. இம்புட்டு நாளு அண்டாக்குள்ள இருட்டுல கெடந்தும் என்னைய ஞாபகம் வச்சிருக்கு. வேணாம்த்தா, அத அணைச்சுரு. போனத் தொடாத, கை பட்டு ஏதாவது மெசேஜு ஓடிறப் போகுது. அழிச்சதுல ஏதாவது மிச்சம் இருந்தா அதுவும் பேசிருமோ என்னமோ. சாமி பாட்டா? இதுலயேவா? நீயே போடு.

அட.

இந்தப் பாட்டுல பின்னாடி தம்புரா ஓடுதா? நான் தெனம் கேக்குறேன், இது உள்ள இருக்குறதே எனக்குத் தெரியாதே. மூச்சு வாங்குறது கூடக் கேக்குது. பக்கத்துல ஒக்காந்து பாடுற மாதிரி. இதையா நான் தகரம்னேன்.

இரு, காரு சத்தம் கேக்குது. ஜன்னல் வழியாப் பாரு, நம்ம வாசலா? எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு, கண்ணாடிய எங்க வச்சேன். ஆமா, எம்மகன்தான். சுகந்தி எறங்குது. எளைச்சுப் போச்சு அந்தப் புள்ளை. இங்கிட்டுத்தான் பாக்குது. சம்பந்தி கையில பேத்தியா? ஏன் அவரு கேட்டுக்கு வெளியவே நிக்கிறாரு. உள்ள வராம ஏன் அங்கயே நிக்கிறாரு ஜெனிபரு.

டிக்கியத் தொறக்குறான் எம்மகன். என்னமோ எறக்குறான். மஞ்சளா மின்னுதே, என்ன அது. குடமா. பித்தளைக் குடமா. ரெண்டு குடம். குத்துவெளக்கு வேற. புதுசு, பேப்பரு சுத்தி.

அய்யோ. வாங்கிட்டு வந்துருக்காரே.

நீ போயிக் கூப்பிடுத்தா. நான் உள்ள ரூமுக்குப் போயிருறேன். முட்டி வலின்னு சொல்லிரு.

இல்ல. வேணாம். அந்த ரூமுக்குள்ள போகல. ஆரத்தித் தட்டு அடுப்படி மேடையில இருக்கு, அத மட்டும் எடுத்து எங் கையில குடு. பாட்ட அணைக்காத, ஓடட்டும். நகரு, நான் போறேன். கதவ நல்லா அகலத் தொற.

ராஜபாண்டி, அந்தக் குடத்த எறக்காத, திரும்ப டிக்கிக்குள்ளயே வை. வண்டியிலயே கெடக்கட்டும். சுகந்தி, வாத்தா. சம்பந்தி, ஏன் வெயில்ல நிக்கிறீங்க. எம் பேத்திய நீங்களே தூக்கிட்டு உள்ள வாங்க.